வெப் டிசைன் வேலையில் ஆர்வம் ஏன் வற்றுகிறது?

வண்ணம், எழுத்து, படம் இவற்றின் மேல் உள்ள ஈர்ப்பில்தான் பலர் வெப் டிசைனுக்கும் டிஜிட்டல் மார்க்கெட்டிங்குக்கும் வருகிறார்கள். முதல் வருடம் உற்சாகமாகப் போகும். இரண்டாம், மூன்றாம் வருடத்தில் அதே டெம்ப்ளேட், அதே பேனர், தீபாவளி போஸ்டர், பொங்கல் போஸ்டர் என்று சலிப்புத் தட்டும். உடனே "எனக்கு இதில் ஆர்வமே இல்லைபோல" என்று தங்களையே குறை சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலும் குறை அவர்களிடம் இல்லை. செய்த வேலை யாருக்கு என்ன பயன் தந்தது என்று பார்க்கவே முடியாதபடி அந்த வேலை அமைந்திருக்கிறது. ஆர்வம் வற்றுவது அங்கேதான்.

வேலையில் ஊக்கம் நிலைக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்பது உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரின் புகழ்பெற்ற கோட்பாடு. சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை, திறமை வளர்கிறது என்ற உணர்வு, மற்ற மனிதர்களோடு பிணைப்பு. நம் ஊர் ஏஜென்சிகளில் நடப்பதைப் பாருங்கள். டிசைனர் கிளையன்ட்டோடு பேசுவதில்லை, பேசுவது மேனேஜர். சைட் லைவ் ஆன மறுநாள் அடுத்த புராஜெக்ட். அந்த சைட்டால் ஒரு போன்கால்கூட வந்ததா என்று யாரும் வந்து சொல்வதில்லை. மூன்று தேவைகளும் இப்படி அடைபட்டுப் போனால் எப்பேர்ப்பட்ட ஆர்வமும் தாங்காது.

கோவையில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமாகச் செய்து கொடுப்பது என்ன? தொழிற்சாலைப் படம் போட்ட ஸ்லைடர், "எங்கள் இணையதளத்துக்கு நல்வரவு" என்று ஒரு வரி, எங்கள் நோக்கம், எங்கள் இலக்கு, கடைசியில் ஒரு தொடர்புப் படிவம். உரிமையாளருக்குப் பெருமை. வாங்க வந்தவருக்கு வேண்டியது எதுவும் அதில் இல்லை.

இதே வேலையை மனநிறைவோடு செய்ய வேண்டுமென்றால், டிசைனுக்கு முன்பே ஒரு காரியம் இருக்கிறது. 4 வாரத்துக்கு, வரும் ஒவ்வொரு போன்காலையும் நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்: யார், எந்த ஊர், என்ன கேட்டார்கள். அதுதான் தொடக்கக் கணக்கு. அது கையில் இல்லாவிட்டால், 6 மாதம் கழித்து உங்கள் வேலை பலன் தந்ததா என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

அடுத்து அளவீடு. தளத்துக்கு வருபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பதிவு செய்யும் கூகுள் அனலிடிக்ஸ் 4 போட்டாகிவிட்டது என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சைட்டிலிருந்து வேறு தளத்துக்குப் போகும் கிளிக்கை அது தானாகவே பதிவு செய்யும். போன் நம்பரைத் தொட்டு அழைப்பதைத் தானாகப் பதிவு செய்யாது. சிறு வியாபாரத்துக்கு உயிரான விஷயமே அந்த அழைப்புதான். எந்தக் கிளிக்கைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லும் கருவியான கூகுள் டேக் மேனேஜரில், போன் லிங்க்கைத் தொட்டதும் பதிவாகும்படி தனியாக ஒரு டிரிகர் அமைத்து, அதை அனலிடிக்ஸில் முக்கிய நிகழ்வாகக் குறிக்க வேண்டும். வாட்ஸ்அப் பட்டனுக்கும் அப்படியே. இன்னொன்று: விரிவான ஆய்வறிக்கைகளுக்கான தரவு, மாற்றாமல் விட்டால், 2 மாதம் வரைதான் இருக்கும். முதல் நாளே அதை 14 மாதமாக மாற்றிவிடுங்கள். பொங்கல் விற்பனையை அடுத்த பொங்கலோடு ஒப்பிடும்போது அதன் அருமை தெரியும்.

இனி சொல்வது, இந்தத் தொழிலிலேயே சுவையான பகுதி. சர்ச் கன்சோல் என்ற கூகுள் கருவியில், மக்கள் கூகுளில் என்னென்ன தேடி இந்தத் தளம் கண்ணில் பட்டது என்ற பட்டியல் 16 மாதத்துக்குக் கிடைக்கும். வாரம் ஒரு மணி நேரம் அந்தப் பட்டியலோடு உட்காருங்கள். "2 லிட்டர் கிரைண்டர் எத்தனை பேருக்குப் போதும்", "கிரைண்டர் பெல்ட் விலை", "கிரைண்டர் சத்தம் வருது", "கல் கொத்தணுமா", "110 வோல்ட் கிரைண்டர்" என்ற ரகத்தில் கேள்விகள் வரும். பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருப்பார்கள். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது. 110 வோல்ட் என்று தேடுபவர் அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு அனுப்ப நினைக்கும் அம்மாவாக இருக்கலாம். இங்கே ஓடும் 230 வோல்ட் மோட்டார் அங்கே அப்படியே ஓடாது. எந்த மாடலில் 110 வோல்ட் உண்டு, பார்சல் எடை எவ்வளவு, பழுதானால் என்ன செய்வது என்பதெல்லாம் அவருக்கு ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும்.

"கிரைண்டர் சத்தம் வருது" என்பவருக்கு விளம்பரம் வேண்டாம், விடை வேண்டும். பெல்ட் தளர்ந்ததா, உருளைக்கல்லின் புஷ் தேய்ந்ததா, பேரிங் போனதா என்று சத்தத்தை வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பது? நிறுவனத்தின் மெக்கானிக்கை அரை மணி நேரம் உட்காரவைத்துக் கேளுங்கள். மூன்று சத்தத்தையும் போனில் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் 20 வினாடி வீடியோவாகப் பக்கத்தில் போடுங்கள். எந்த ஏஐ கருவியும் இதைத் தானாக உருவாக்கித் தராது. அந்தச் சத்தம் மெக்கானிக்கின் காதில்தான் இருக்கிறது. பக்கம் போட்ட இரண்டு மூன்று மாதத்தில் அந்தத் தேடல்களின் கிளிக் எண்ணிக்கை மாறுகிறதா என்று அதே பட்டியலில் பார்க்கலாம். ஒரு வீட்டில் மாவு அரைபட நம் வேலையும் காரணம் என்று தெரிந்த பிறகு, அடுத்த பக்கத்தை எழுத யாரும் உந்த வேண்டியதில்லை.

ஆனால் அக்கறை மட்டும் போதாது, கைத்திறனும் வேண்டும். கூகுள் ஒரு பக்கத்தின் தரத்துக்கு மூன்று அளவுகள் வைத்திருக்கிறது. திரையில் உள்ள மிகப்பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி வினாடிக்குள் திரை பதில் காட்ட வேண்டும். இந்த அளவு 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஏற்றப்படும்போது பக்கம் குதிக்கும் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது. நூற்றுக்கு 75 வருகைகளாவது இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். ஆபீஸ் வைஃபையில் சோதித்துப் பார்த்துத் திருப்திப்படுவதால்தான் இங்கே பலரும் கோட்டைவிடுகிறார்கள். 10,000 ரூபாய் போனில், மொபைல் டேட்டாவில், பஸ்ஸில் போகும்போது திறந்து பாருங்கள்.

பெரும்பாலும் குற்றவாளி முகப்புப் படம்தான். போனில் எடுத்த 4 எம்.பி. படத்தை அப்படியே ஏற்றிவிடுவார்கள். அகலத்தை 1,200 பிக்சலாகக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் பெரும்பாலான படங்கள் 150 கே.பி. அளவுக்கு வந்துவிடும். கீழே இருக்கும் படங்களுக்கு, அவற்றின் அருகில் வந்த பிறகே ஏற்றும் லேஸி லோடிங் நல்லது. அதையே முகப்புப் படத்துக்கும் போட்டால் படம் இன்னும் தாமதமாகும். பல வேர்ட்பிரஸ் பிளக்இன்கள் கேட்காமலே அதைச் செய்யும், போய்ப் பாருங்கள். படத்தின் அகல உயரத்தைப் பக்கத்தின் நிரலில் குறிக்காவிட்டால், படம் வந்ததும் கீழே உள்ள எழுத்து தடாலென்று இறங்கும். அழைக்கப் போனவர் விரல் வேறு பட்டனில் படும்.

தமிழ்ப் பக்கம் தனிக் கவனம் கேட்கும். ஆங்கிலத்துக்குப் போடும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேலே இ, ஈ குறியும் கீழே உ, ஊ குறியும் ஒன்றையொன்று இடிக்கும். எழுத்தளவைப்போல் 1.6, 1.7 மடங்கு வையுங்கள். ஆங்கிலத் தலைப்புக்குச் செய்வதுபோல் எழுத்துகளை விலக்கிவைத்தால் சொல் சிதறித் தெரியும். பட்டன் அகலத்தை நிலையாக வைக்காதீர்கள். ஆங்கிலத்தில் 4 எழுத்தில் முடிவது தமிழில் "முன்பதிவு செய்யுங்கள்" என்று நீளும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பிரசுரத்தை அப்படியே ஒட்டினால் கூகுளுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றவே கூடாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. இவ்வளவு இருந்தும் தமிழ்ப் பக்கங்கள் அரைகுறையாக வெளிவருவது வருத்தமான விஷயம். நம் தலைமுறை டிசைனர்கள் நினைத்தால் மாற்றலாம்.

வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் எழுத்து போடும் மோகமும் தணிய வேண்டும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது உலக அணுகல் விதி. பலர் விரும்பும் 999999 என்ற நிறக் குறியீட்டுச் சாம்பல், வெள்ளையில் 2.85 மட்டுமே தருகிறது. 767676 போட்டாலே விதிக்குள் வந்துவிடும். வெயிலில் போன் பார்க்கும் வியாபாரிக்கும் கண்புரை உள்ள பெரியவருக்கும் இந்தச் சின்ன மாற்றம் பெரிய உதவி.

விளம்பரப் பக்கம் வருவோம். கூகுள் ஆட்ஸில் தானாகவே டிக் ஆகியிருக்கும் விஷயங்கள்தான் காசைக் கரைக்கும். இட அமைப்பில் "அந்த ஊரில் இருப்பவர்கள், அல்லது அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்கள்" என்றே முதலில் இருக்கும். கோவைக்குள் மட்டும் சர்வீஸ் செய்யும் கடைக்கு "இருப்பவர்கள்" மட்டும் போதும். தேடல் விளம்பரத்தோடு, மற்ற தளங்களில் விளம்பரம் காட்டும் டிஸ்பிளே நெட்வொர்க்கும் சேர்ந்தே வரும், எடுத்துவிடுங்கள். கிரைண்டர் என்ற சொல்லை, தொடர்புள்ள எல்லாத் தேடலுக்கும் விளம்பரம் காட்டும் அகலப் பொருத்தத்தில் (broad match) விட்டால் இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர் தேடியவர், காபிக் கொட்டை அரைக்கும் கிரைண்டர் தேடியவர் எல்லாரும் வருவார்கள். ஒரு கிளிக்குக்கு 10 ரூபாய், நாளுக்கு 500 ரூபாய் பட்ஜெட் என்று வைத்துக்கொண்டால், 50 கிளிக்கில் 20 இப்படிப் போனாலே நாளுக்கு 200 ரூபாய் வீண். முதல் மாதம் இரண்டு நாளுக்கு ஒருமுறை தேடல் சொற்கள் அறிக்கையைத் திறந்து, வேண்டாத சொற்களை விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கிளையன்ட்டின் பணத்தைத் தன் பணம்போல் காக்கிறோம் என்ற உணர்வு சாதாரணமானதல்ல. லைக் எண்ணிக்கையை மட்டும் மாதாமாதம் அனுப்புபவருக்கு அது வாய்க்காது.

கரெக்ஷன் என்ற பெயரில் இழுபறி நடப்பதுதான் மனத்தை மிக அதிகம் சோர்வடையச் செய்வது. இதற்கு மருந்து எழுத்தில் ஓர் ஒப்பந்தம். பாதித்தொகை முன்பணம், இரண்டு சுற்றுத் திருத்தம், மூன்றாவது சுற்றுக்கு மணிக்கணக்கில் கட்டணம், படங்களும் தகவலும் எந்தத் தேதிக்குள் வர வேண்டும், முடிவு சொல்ல அங்கே ஒரே ஒருவர். அப்பா ஒன்று, மகன் ஒன்று, மைத்துனர் ஒன்று சொன்னால் எந்த டிசைனும் முடியாது. "லோகோவைப் பெருசாக்குங்க" என்றால் உடனே பெருசாக்காமல், எதனால் அப்படித் தோன்றுகிறது என்று கேளுங்கள். கடைப் பெயர் கவனத்துக்கு வரவில்லையோ என்ற பயம்தான் பல நேரம் காரணமாக இருக்கும். தலைப்பு வரியில் பெயரைச் சேர்த்தாலே அது தீரும். தனியாகத் தொழில் செய்பவர்கள், ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், சேவைக்கு 18 சதவீதம் என்பதை விலை சொல்லும்போதே மனதில் வையுங்கள்.

மனசாட்சி சம்பந்தப்பட்டதும் உண்டு. "இன்னும் 10 நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று பொய்க் கடிகாரம் ஓட விடுவது, கேட்காமல் கூடையில் பொருள் சேர்ப்பது, சந்தாவை ரத்து செய்யும் வழியை ஒளித்துவைப்பது எல்லாம் செய்யச் சொல்வார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இப்படி 13 ஏமாற்று வடிவமைப்புகள் பட்டியலிடப்பட்டுத் தடை செய்யப்பட்டுள்ளன. மறுக்க விரும்பும் டிசைனருக்கு இது நல்ல ஆயுதம். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதைவிட "இதற்கு அபராதம் வரலாம் சார்" என்பது எடுபடும். போலி ரிவ்யூ எழுதித் தரக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். பிடிபட்டால் கூகுளில் கடையின் பெயரே அடிபடும். அதேபோல் டொமைன், ஹோஸ்டிங், அனலிடிக்ஸ், கூகுள் பிசினஸ் புரொஃபைல் எல்லாம் கிளையன்ட்டின் மின்னஞ்சலில், அவர் பெயரில் இருக்கட்டும். உங்கள் கணக்கில் வைத்திருந்து புதுப்பிக்க மறந்தால் ஒரு குடும்பத்தின் வியாபாரமே இணையத்திலிருந்து மறைந்துபோகும்.

வேலை தேடுபவர்கள் இன்டர்வியூவில் மூன்று கேள்வியைத் தைரியமாகக் கேளுங்கள். சைட் லைவ் ஆன பிறகு அனலிடிக்ஸைப் பார்க்க டிசைனருக்கு அனுமதி உண்டா? கிளையன்ட்டோடு நேரடியாகப் பேசலாமா? ஒரே நேரத்தில் ஒருவர் கையில் எத்தனை கிளையன்ட்? மூன்றுக்கும் மழுப்பலான பதில் வந்தால், சம்பளம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் யோசியுங்கள். ஏற்கெனவே அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் உடனே ராஜினாமா செய்ய வேண்டாம். முடித்துக்கொடுத்த ஒரே ஒரு சைட்டின் அனலிடிக்ஸைப் பார்க்க மட்டும் அனுமதி கேட்டு வாங்குங்கள். அந்த வியாபாரத்துக்குச் சம்பந்தமில்லாத 5 பேரிடம் போனைக் கொடுத்து "பெல்ட் விலை என்னன்னு இதில் பார்த்துச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி, வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். எங்கே விரல் தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கே இடறுகிறது, எதை மாற்றினால் சரியாகும் என்று ஒரு பக்கத்தில் எழுதி மேனேஜரிடம் கொடுங்கள்; மாற்றிய பிறகு வரும் அழைப்புகளின் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். அடுத்த இன்டர்வியூவுக்குப் போகும்போது 20 பேனர் நிறைந்த போர்ட்ஃபோலியோவுக்கு முன்னால் அந்த ஒரு தாளை எடுத்து வையுங்கள்.