மிதிவெடி: சொல்லும் பொருளும்

வன்னியில் சனம் மிதிவெடி என்றுதான் சொல்லும். "மிதிவெடியில கால் போட்டது" என்றால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. செய்திகளும் அறிக்கைகளும் பெரும்பாலும் கண்ணிவெடி என்றே எழுதுகின்றன. இரண்டும் ஒன்றென்று நினைத்து மாற்றி மாற்றிப் போடுவோரும் உண்டு. ஈழத்து வழக்கில் அவை ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் மிதிவெடி. 'வெடி' என்பதன் அடிப்படைப் பொருள் பிளத்தல். வயல் நிலம் வெடிப்பதும் பருத்திக்காய் வெடிப்பதும் அதுதான். நம் பேச்சில் துவக்குச் சூடும் வெடிதான். "வெடி பட்டிட்டுது" என்போம். முன்னால் நிற்கும் 'மிதி' வினைப்பகுதி. ஆகவே இது வினைத்தொகை. ஊறுகாயை ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று பள்ளியில் விரித்தோமே, அதே முறைதான்: மிதித்த வெடி, மிதிக்கின்ற வெடி, மிதிக்கும் வெடி. காலம் மறைந்து நிற்பது வினைத்தொகையின் இலக்கணம். 1990களில் புதைத்தது இன்றும் கால் படும்வரை மண்ணுக்குள் கிடக்கிறது. இந்த ஆயுதத்துக்குப் பொருந்துவதுபோல அந்த இலக்கணம் வேறெதற்கும் பொருந்துமோ தெரியவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். சொல்லில் இருக்கும் வினை புதைத்தவனுடையது அல்ல, மிதிப்பவருடையது. விறகுக்குப் போனவர், மாடு தேடிப் போன பிள்ளை, காணி துப்புரவாக்க வந்தவர், இவர்களுடைய கால்.

கண்ணி என்பது முடிச்சிட்ட கயிறு. தலையில் சூடும் மாலையும் கண்ணி, ஈரடிப் பாட்டும் கண்ணி, காட்டுக்கோழிக்கு வைக்கும் சுருக்கும் கண்ணி. விலங்கு தானே வந்து மாட்டுவது என்பதால், வேரைப் பார்த்தால் கண்ணிவெடியே பொருத்தமான சொல் என்று தோன்றும். தமிழகத்தில் எல்லா வகைக்கும் அந்தச் சொல்லே வழங்குகிறது. ஆனால் ஈழத்தில் அது வேறு பக்கம் போய்விட்டது. தெருவுக்கு அடியில் புதைத்து, மறைவிலிருந்து வயரில் மின்சாரம் பாய்ச்சி, வாகனத்துக்கு வைப்பதுதான் இங்கே கண்ணிவெடி. 1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்ட தாக்குதலை நினைத்தால் பொருள் விளங்கும். அங்கே வெடிக்கவைத்தவர் வேறு, அகப்பட்டவர் வேறு.

ஆங்கிலத்தில் 'மைன்' என்றால் சுரங்கம். கோட்டை மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டித் தகர்த்த பழைய முற்றுகை முறையிலிருந்து வந்த பெயர். சிங்களத்தில் 'பிம் போம்ப', அதாவது நிலக் குண்டு. இரண்டும் வெடிபொருள் இருக்கும் இடத்தைச் சொல்கின்றன. தமிழ்ச் சொல் அது வெடிக்கும் விதத்தைச் சொல்கிறது.

சட்டமும் அந்த விதத்தையே பார்க்கிறது. 1997இல் உருவான ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. 2018 ஜூன் 1 முதல் அது நாட்டைக் கட்டுப்படுத்துகிறது. புதைந்திருப்பவற்றை அகற்ற அது தரும் காலம் 10 ஆண்டு, அதாவது 2028 ஜூன் வரை. அது தடைசெய்வது, ஒருவர் அருகில் வருவதாலோ தொடுவதாலோ வெடிக்கும்படி ஆட்களுக்கு வைத்தவற்றை. மறைவிலிருந்து ஒருவர் இயக்குபவையும், வாகனத்துக்கென்றே வைத்தவையும் அதற்குள் வரா. ஆகவே அதைத் தமிழில் மிதிவெடித் தடை உடன்படிக்கை என்று எழுதுவதே சரி. கண்ணிவெடித் தடை என்று எழுதினால், அது தடுக்காததையும் தடுக்கிறது என்று ஈழத்து வாசகர் விளங்கிக்கொள்வார்.

அகற்றும் வேலையை ஒருங்கிணைக்க அரசு 2010இல் ஒரு தேசிய நிலையத்தை அமைத்தது. களத்தில் இராணுவத்தின் பொறியியல் பிரிவும் ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் போன்ற அமைப்புகளும் நிற்கின்றன. முகமாலை போல நெடுங்காலம் முன்னரங்காக இருந்த இடங்களில் வேலை மிக மெதுவாகத்தான் நகரும். பிளாஸ்டிக் உடல் கொண்டவற்றில் உலோகம் சொற்பம், கருவி சத்தமிடாமல் போகலாம். மரப்பெட்டியில் செய்த 'ஜொனி' வகையும் உண்டு. அதனால் நீண்ட பற்களுள்ள வாரியால் மண்ணை இளக்கித் தம் பக்கம் மெல்ல இழுக்கிறார்கள். அழுத்தம் உணரும் தட்டு வெடியின் மேற்பக்கத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் போய் அதைக் கண்டெடுப்பதுதான் நுட்பம். முகமறைப்போடு வெயிலில் குந்தியிருந்து இதைச் செய்பவர்களில் பெண்கள் பலர், போரில் கணவனை இழந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்கள் விட்டுச் செல்லும் காணியில்தான் சனம் பயமின்றி மண்வெட்டி போடுகிறது.

மூன்றாவதாகப் பொறிவெடி என்றொரு நல்ல சொல் நம்மிடம் உண்டு. எலிப்பொறியில் வரும் அதே பொறி. கதவிலோ பெட்டியிலோ கிடக்கும் பொருளிலோ பொருத்தி, அசைத்தால் வெடிக்கவைப்பது. பழைய இரும்பு பொறுக்கப் போகிறவர்களுக்கு இதுவும் வெடிக்காமல் கிடக்கும் எறிகணைகளும் பெரிய ஆபத்து. பிள்ளைகளுக்கு வெறுமனே 'மிதியாதே' என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. தொடாதே, எடுக்காதே, எறிந்து பார்க்காதே என்றும் சொல்ல வேண்டும். ஐயமான பொருள் கண்ணில் பட்டால் வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ 119 என்ற பொலிஸ் இலக்கத்துக்கோ அறிவியுங்கள். அறிவிக்கும்போது, மண்ணில் பாதி புதைந்து கிடந்ததா, வயர் தெரிந்ததா, மேலே கிடந்ததா என்று கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள்.