மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும்

ஏரிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறோம். நன்னீர் ஏரிகளில் பரப்பில் பெரியது வட அமெரிக்காவின் சுப்பீரியர். ஆழத்தில் முதலிடம் ரஷ்யாவின் பைக்காலுக்கு. உப்புக்குப் பேர்போனது சாக்கடல். வினாடி வினாவுக்கு இது போதும். ஆனால் ஒரு ஏரி எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், அதன் அடியில் கிடக்கும் தண்ணீர் எப்போதாவது மேலே வருகிறதா என்று கேட்பதுதான் என்னைப் பொறுத்தவரை சரியான கேள்வி.

பெரும்பாலான ஆழமான ஏரிகளில் தண்ணீர் அடுக்குகளாகப் பிரிந்து நிற்கிறது. வெயில் மேல் நீரைச் சூடாக்குகிறது. சூடான நீர் எடை குறைந்ததால் குளிர்ந்த நீரின் மேல் மிதக்கிறது. காற்று அடித்தாலும் மேலடுக்குதான் கலங்கும், கீழடுக்கு அசையாது. ஆக்சிஜன் காற்றிலிருந்தும் பாசிகளிடமிருந்தும் வருகிறது, அதாவது மேலே மட்டும். செத்த பாசியும் மீன் கழிவும் கீழே போய் மக்குகின்றன. அப்படி மக்கும்போது அங்கிருக்கும் ஆக்சிஜன் செலவாகிறது. நாளாக ஆக, மேலே ஆக்சிஜன் உண்டு, சத்து இல்லை. கீழே சத்து உண்டு, ஆக்சிஜன் இல்லை என்றாகிவிடும். இரண்டும் கலந்தால்தான் ஏரி முழுவதும் உயிர்கள் வாழ முடியும்.

குளிர்நாடுகளில் இந்தக் கலப்பைச் செய்து தருவது தண்ணீரின் ஒரு விநோத குணம். 4 டிகிரி செல்சியஸில்தான் நன்னீர் மிக அடர்த்தியாக இருக்கிறது. இலையுதிர் காலத்தில் மேல் நீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்குகிறது. ஏரி முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட்டால், ஒரு நல்ல காற்று போதும், மொத்தமும் புரண்டுவிடும். அதற்கு மேலும் குளிர்ந்தால் நீர் மறுபடி லேசாகிறது. அதனால்தான் பனிக்கட்டி மேலே உருவாகிறது. வசந்தத்தில் பனி உருகியதும் இன்னொரு முறை புரளும்.

பைக்கால் விஷயத்தில் இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. 1,642 மீட்டர் ஆழம். ஆழம் கூடக் கூட அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் தண்ணீர் மிக அடர்த்தியாகும் வெப்பநிலை 4 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் கரையோரமாக வீசும் பலத்த காற்று, குளிர்ந்த மேல் நீரைச் சில நூறு மீட்டர் கீழே தள்ளிவிட்டால் போதும். அந்த ஆழத்தின் அழுத்தத்தில் அது சுற்றியுள்ள நீரைவிடக் கனமாகி, பிறகு தானாகவே அடிவரை மூழ்கும். கூடவே ஆக்சிஜனும் போகிறது. பூமியின் மேற்பரப்பில் உறையாமல் இருக்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு ஏரியில்தான். 300-க்கும் அதிகமான ஆறுகள் வந்து சேர்கின்றன, வெளியேறுவது அங்காரா மட்டும். ஆனால் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் வேறு: ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் கீழே, கும்மிருட்டில், புழுக்களும் இறால் போன்ற சிறு பிராணிகளும் மூச்சுவிட்டு வாழ்கின்றன.

ஆப்பிரிக்காவின் தங்கனிக்காவும் பைக்காலைப் போலவே நிலப்பிளவில் உருவான, பல பத்து லட்சம் ஆண்டுகள் பழமையான ஏரி. ஆழம் ஏறக்குறைய 1,470 மீட்டர், உலகில் இரண்டாவது. ஆனால் அங்கே குளிர்காலம் கிடையாது. மேல் நீருக்கும் அடி நீருக்கும் சில டிகிரி வித்தியாசம்தான். இவ்வளவு சின்ன வித்தியாசம் எப்படி ஏரியைப் பிரித்து வைக்கிறது? வெப்பநிலை ஏற ஏற, ஒரு டிகிரிக்கு அடர்த்தி மாறும் அளவும் ஏறுகிறது. 24 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் இடையே உள்ள அடர்த்தி வித்தியாசம், 4-க்கும் 5-க்கும் இடையே உள்ளதைப் போல் ஏறக்குறைய முப்பது மடங்கு. ஆகவே மேலே ஒன்றிரண்டு நூறு மீட்டரைத் தாண்டினால் ஆக்சிஜனே இல்லை. அந்த ஏரியின் புகழ்பெற்ற சிக்லிட் மீன் இனங்கள் அத்தனையும் அந்த மெல்லிய மேல்தட்டில்தான் குடியிருக்கின்றன. தெற்கிலிருந்து பருவக்காற்று வீசும் மாதங்களில் கொஞ்சம் சத்து மேலே வரும். மீன்வளம் அதை நம்பியே இருக்கிறது.

புரளாத ஏரி எல்லாமே சாதுவாக இருந்துவிடுவதில்லை. கேமரூனில் நியோஸ் என்றொரு எரிமலைவாய் ஏரி உண்டு. சுமார் 200 மீட்டர் ஆழம். பூமிக்கடியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு அதன் அடியில் ஊறி, தண்ணீரில் கரைந்துகொண்டே இருந்தது. கரைந்த வாயுவும் தாதுக்களும் அடி நீரை இன்னும் கனமாக்கின, அதனால் அது மேலே வர வழியே இல்லை. மேலிருந்த தண்ணீரின் அழுத்தம், சோடா பாட்டிலின் மூடியைப் போல, வாயுவைக் கரைசலிலேயே அடக்கி வைத்திருந்தது. 1986 ஆகஸ்ட் 21 இரவு ஏதோ ஒரு சலனம் அடி நீரில் கொஞ்சத்தை மேலே தூக்கியது. அழுத்தம் குறைந்ததும் குமிழிகள் பிறந்தன. குமிழிகள் தண்ணீரை மேலும் தூக்க, அது இன்னும் குமிழிகளை விட, நிறுத்த முடியாத சங்கிலியாகிவிட்டது. வெளியேறிய வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளத்தாக்குகள் வழியே தரையோடு தரையாக வழிந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் போனது. தூங்கிக்கொண்டிருந்த சுமார் 1,700 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, அதே நாட்டின் மொனூன் ஏரியில் இப்படி நடந்து 37 பேர் இறந்திருந்தார்கள்.

நியோஸுக்குக் கண்ட வைத்தியமும் அதே இயற்பியல்தான். 2001-இல் அடிவரை ஒரு குழாயை இறக்கினார்கள். தொடக்கத்தில் மட்டும் பம்பு வைத்துக் கொஞ்சம் நீரை இழுத்தால் போதும். குழாய்க்குள் பிறக்கும் குமிழிகளே மீதியைத் தூக்கிக்கொண்டு வரும். அதற்குப் பிறகு மின்சாரம் தேவையில்லை. தண்ணீர் ஏரிக்கு மேல் உயரமான ஊற்றாகப் பீய்ச்சியடித்தது. மக்களைக் கொன்ற சங்கிலியையே கொஞ்சம் கொஞ்சமாக, குழாய்க்குள் நடக்கவிட்டார்கள். இவ்வளவு எளிமையான பொறியியலை நான் அதிகம் பார்த்ததில்லை.

ருவாண்டாவுக்கும் காங்கோவுக்கும் இடையில் இருக்கும் கிவு ஏரி இதைவிடப் பல மடங்கு பெரியது. அதன் அடியில் கார்பன் டை ஆக்சைடோடு மீத்தேனும் கரைந்திருக்கிறது. கரைகளில் லட்சக்கணக்கானோர் வசிக்கிறார்கள், பக்கத்திலேயே நியிராகோங்கோ எரிமலை. ருவாண்டா அந்த மீத்தேனைப் பிரித்தெடுத்து மின்சாரம் தயாரிக்கிறது. வாயு எடுத்த நீரை எந்த ஆழத்தில் திரும்ப விடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். தவறான ஆழத்தில் விட்டால் அடுக்குகள் குலையும்.

அடுக்கைக் கட்டிக் காப்பது உப்பாகவும் இருக்கலாம். சாக்கடலில் ஜோர்டான் ஆறு கொண்டுவந்த நீர் மேலடுக்கை லேசாக வைத்திருந்தது. பாசனத்துக்கும் குடிநீருக்கும் ஆற்றைத் திருப்பிவிட, மேலடுக்கும் உப்பேறிக் கனத்தது. 1979-இல், நெடுங்காலம் பிரிந்து கிடந்த இரண்டு அடுக்குகளும் கலந்துவிட்டன.

இப்போது எதிர்த்திசையில் ஒரு மாற்றம் நடக்கிறது. காற்று வெப்பமாகும்போது மேல் நீரும் கூடுதலாகச் சூடாகி, அடுக்குகள் இன்னும் உறுதியாகின்றன. தங்கனிக்காவில் பாசி வளர்ச்சி குறைந்ததற்கு இதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஐரோப்பாவின் ஜெனீவா ஏரி, 310 மீட்டர் ஆழமுள்ளது. கடுங்குளிர் காலங்களில் அடிவரை கலந்துவிடும். 2012-இல் அப்படிக் கலந்தது. அதன்பின் வந்த பத்தாண்டுக் குளிர்காலங்கள் எதிலும் ஏரி முழுமையாகக் கலக்கவில்லை, அடியில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வந்தது.