நடைபாதை ஓரத்தில் காசு தேடுவது: டிடெக்டர் காட்டும் எண் எதைச் சொல்கிறது?

அமெரிக்காவின் பழைய ஊர்களில் நடைபாதைக்கும் சாலையோரக் கல்லுக்கும் நடுவே ஒன்றிரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு புல் பட்டை ஓடும். மண்ணுக்குள் உலோகத்தைக் கண்டறியும் மெட்டல் டிடெக்டரோடு தொலைந்த காசு தேடுபவர்களுக்கு அதைவிட நல்ல இடம் அரிது. குதிரை வண்டிக் காலம் தொட்டு ஆட்கள் ஏறுவதும் இறங்குவதும் அங்கேதான். சாவி எடுக்கப் பைக்குள் கையை விட்டால் சில்லறையும் சேர்ந்து வரும். புல்லில் விழுந்த காசு சத்தம் போடாது. 1935 ஜூலையில் ஓக்லஹோமா நகரில் முதல் பார்க்கிங் மீட்டரை நட்டார்கள். மீட்டர் வைத்த தெருக்களில் காசைக் கையில் எடுக்காமல் வண்டியை நிறுத்தவே முடியாது என்றானது.

விழுந்த காசு மேலேயே கிடக்காது. புல்லும் இலையும் மக்கி அதன்மேல் மண்ணாகும். மண்புழுக்கள் அடிமண்ணை மேலே கொண்டுவந்து கொட்டும். பழைய காசு பத்து, பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைப்பது சாதாரணம்.

டிடெக்டரின் முனையில், மண்ணுக்கு மேலே ஆட்டும் தட்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்றில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. மாறிக்கொண்டே இருக்கும் அந்தக் காந்தப்புலம் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். அந்த ஓட்டம் தன் பங்குக்கு ஒரு மெல்லிய காந்தப்புலத்தை எழுப்ப, இரண்டாவது சுருள் அதைப் பிடிக்கிறது. முதல் சுருளின் புலம் இரண்டாவதில் நேரடியாகப் பதியாதபடி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு படிய வைத்துச் சமன் செய்திருப்பார்கள். 1881இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் கொண்டுபோன கருவியும் இப்படிச் சமன் செய்யும் முறையில்தான் இயங்கியது. கட்டில் மெத்தையின் எஃகுச் சுருள்கள் குழப்பியதில் குண்டு அகப்படவில்லை. இன்று நடைபாதைக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி அதே தொல்லையைத் தருகிறது. கான்கிரீட் விளிம்புக்குக் குறுக்கே தட்டை ஆட்டாமல் இணையாக ஆட்டுவதும், விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்பதும் அதனால்தான்.

திரையில் 0 முதல் 99 வரை தோன்றும் எண்ணை உலோகத்தின் பெயர் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற வேண்டியதுதான். அது ஒரு தாமதத்தின் அளவு. வெள்ளியிலும் செம்பிலும் சுழல் மின்னோட்டம் லேசில் அடங்காது, பதில் அலை பிந்தி வரும்: எண் உயரும். மெல்லிய அலுமினியத் தாளில் அது உடனே செத்துவிடும்: எண் தாழும். இரும்பு காந்தமாகிவிடுவதால் ஏறக்குறைய தாமதமின்றி பதில் தரும். எண்வரிசையின் அடிமட்டம் அதற்கு. உலோகத்தோடு பருமனும் தடிமனும் இதில் சேர்கின்றன.

அமெரிக்கக் காசுகளில் இதைப் பார்க்கலாம். 5 கிராம் எடையுள்ள ஐந்து சென்ட் காசு 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல். செம்புதான் அதிகம், ஆனாலும் இந்தக் கலவை மின்சாரத்தை மோசமாகவே கடத்துகிறது. எண் தாழ்ந்து, குளிர்பான டின்னிலிருந்து பிய்த்தெறிந்த வளையத்துக்குப் பக்கத்தில் விழுகிறது. 1964 வரையிலான பத்து சென்ட் காசு 90 சதவீதம் வெள்ளி. எடை வெறும் 2.5 கிராம், ஆனால் எண் மேலே. பழைய செம்புச் சென்ட்டும் கிட்டத்தட்ட அதே எண்தான். 1982இல் சென்ட்டைச் செம்பு முலாம் பூசிய துத்தநாகமாக மாற்றியபின் அதன் எண் இறங்கிவிட்டது. மண்ணில் அரித்தால் இன்னும் இறங்கும்.

குப்பை வேண்டாமென்று டின் வளையத்தின் எண்ணுக்குக் கருவி சத்தம் போடாதபடி அடைத்து வைப்பவர்கள் ஐந்து சென்ட் காசையும் தங்க மோதிரத்தையும் சேர்த்தே அடைத்துவிடுகிறார்கள். இரும்பை மட்டும் அடைத்தால் போதும். மற்றதைக் காதால் பிரிக்கலாம். சத்தம் கேட்ட இடத்தை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, 90 பாகை சுற்றி நின்று மறுபடி ஆட்டுங்கள். காசென்றால் எண் ஓரிரண்டுக்கு மேல் நகராது. வளைந்த ஆணி, துருப்பிடித்த சோடா மூடி என்றால் எண் குதிக்கும். தட்டை ஒரு சாண் உயர்த்தியும் சத்தம் குறையவில்லையா? கீழே இருப்பது நசுங்கிய டின்.

புல் பட்டைக்கு 15 சென்டிமீட்டர்த் தட்டே ஏற்றது. பெரிய தட்டு ஆழமாகப் பார்க்கும், ஆனால் ஒரே நேரத்தில் நாலு ஆணியையும் ஒரு காசையும் பார்த்து இரும்பென்று முடிவு கட்டிவிடும். ஆழத்துக்கு ஆசைப்படுவதிலும் ஓர் எல்லை உண்டு: புலம் போகும்போதும் வரும்போதும் தேய்வதால், தட்டைவிட்டு நன்கு விலகிய பொருளின் ஆழம் இரட்டித்தால் சமிக்ஞை கிட்டத்தட்ட 64இல் ஒரு பங்காகிவிடும். தலைக்கு மேலே மின்கம்பி ஓடினால் கருவி சும்மாவே கத்தும். உணர்திறனைக் குறைத்து, அலைவெண்ணை மாற்றிப் பாருங்கள்.

தோண்டுமுன் அந்தப் பட்டையை ஒட்டிய வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது. நிலம் பெரும்பாலும் ஊராட்சியின் வசம் இருந்தாலும் புல்லைப் பராமரிப்பவர் அவர். சில ஊர்களில் அனுமதிச் சீட்டும் வேண்டும். 811 என்ற அமெரிக்கத் தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் அடியில் ஓடும் குழாய், கேபிள்களை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். புல்லை மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீல் போல விட்டு மடியுங்கள். மண்ணைத் துணியில் கொட்டி, சிறிய கை டிடெக்டரால் காசைத் தேடி எடுத்தபின் மண்ணைத் திரும்பப் போட்டு மூடி மிதித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். கடும் கோடையில் தோண்டவே கூடாது. வெட்டிய சதுரம் ஒரு வாரத்தில் காய்ந்து பழுப்பாகிவிடும். கிடைத்த வெள்ளிக்காசை அங்கேயே துடைக்காதீர்கள், ஒட்டிய மணல் கீறிவிடும்.

எல்லாவற்றிலும் மேலான வாய்ப்பு, நகராட்சி பழைய நடைபாதையை உடைத்தெடுக்கும் நாட்கள். கான்கிரீட் ஊற்றிய நாளில் மூடப்பட்ட மண் அது. 1920களில் போட்ட பாதையென்றால் அதன் அடியில் டின் வளையமோ துத்தநாகச் சென்ட்டோ இருக்க வழியில்லை. கேட்கும் உயர்ந்த எண்கள் அனேகமாகப் பழைய காசுதான். கான்கிரீட் அப்புறப்பட்டதால் காசும் தட்டுக்கு நெருங்கிவிடும். ஒப்பந்தக்காரரிடம் அனுமதி வாங்கி, அன்றைய வேலை முடிந்தபின் போங்கள். சரளையைக் கொட்டிவிட்டால் வாய்ப்பு முடிந்தது.