முதிர்ச்சியா, அழுகலா? பழைய பொயின்செட்டியாவின் தண்டைச் சோதித்தல்

நத்தார் காலத்தில் நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ வாங்கிய பொயின்செட்டியாவை, சிவப்பு இலைகள் உதிர்ந்த பின்னும் எறிந்துவிடாமல் மூன்று நான்கு ஆண்டுகள் பூச்சாடியிலேயே வளர்ப்பவர்கள், ஒரு நாள் அதன் அடித்தண்டைக் கண்டு கலங்குவதுண்டு. பச்சையாக இருந்த தண்டு மண்ணிறமாகித் தோல் வெடித்திருக்கும். கீழ்க்கணுக்களில் ஓர் இலையும் இராது. செடி வாடிவிட்டது என்று எண்ணி அப்போது ஊற்றப்படும் மிகைத் தண்ணீரே பல செடிகளைக் கொன்றுவிடுகிறது.

மெக்சிக்கோவையும் குவாத்தமாலாவையும் தாயகமாகக் கொண்ட இது, இயல்பில் ஆளுயரத்தையும் தாண்டி வளரும் ஒரு புதர். தண்டு பருக்கும்போது இளம் தோலால் அதற்கேற்ப விரிய முடியாது. ஆகவே அது வெடிக்க, அடியில் தக்கை போன்ற பழுப்பு நிறப் பட்டை உருவாகிறது. கிளையை வெட்டினால் நடுவில் தெரியும் துளையும் பூச்சி குடைந்ததன்று. பொயின்செட்டியாவின் தண்டு உள்ளீடற்றது. சுற்றுச்சுவர் வெண்மையாகவும் ஈரமாகவும் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

உயிர் இருக்கிறதா என்று அறிய, நகத்தால் பட்டையை இலேசாகக் கீறிப் பார்க்க வேண்டும். அடியில் பச்சை தெரிந்து வெள்ளைப் பால் துளிர்த்தால் அந்த இடம் உயிருடன் இருக்கிறது. காய்ந்த பழுப்பு நிறம் மட்டும் தெரிந்தால் அந்தப் பகுதி இறந்துவிட்டது. பட்டையினுள் ஓடும் நுண்குழாய்களில் உள்ள பாலை வெளியே தள்ளுவது செடியின் நீரழுத்தமே. இதே குடும்பத்தைச் சேர்ந்த இறப்பர் மரத்தில் விடியற்காலையில் பால் வெட்டுவதற்கும் அந்த அழுத்தம் அவ்வேளையில் மிகுந்திருப்பதே காரணம். எனவே இச்சோதனையையும் காலையிலேயே செய்வது நல்லது. வெயில் ஏறிய பின் நலமான செடியும் குறைவாகவே பால் விடக்கூடும். பால் தோலையும் கண்ணையும் எரிக்கும் என்பதால் கையை உடனே கழுவிக்கொள்ள வேண்டும்.

இறந்த பகுதி இருப்பது உறுதியானால், அது எங்கிருந்து தொடங்கியது என்பதே அடுத்துப் பார்க்க வேண்டியது. என் கருத்தில், இலையின் நிறத்தைவிட இதுவே நோயைத் தெளிவாகக் காட்டுகிறது.

மண் ஈரமாக இருக்கும்போதே செடி நண்பகலில் தலைகவிழ்ந்தால், கோளாறு கீழே இருக்கிறது. வேருக்குத் தண்ணீரைப் போலவே ஒட்சிசனும் வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் மூடுபனி விலகாத நாட்களில் இலைகள் மிகக் குறைவாகவே நீரை வெளிவிடுவதால், சாடி மண் உலராமல், அதன் காற்றிடைவெளிகள் நீரால் நிரம்பியே கிடக்கின்றன. அந்த நீரில் நீந்திப் பரவும் பித்தியம் என்ற நுண்ணுயிரி வேரை அழுகச் செய்கிறது. செடியைச் சாடியிலிருந்து கழற்றி ஒரு வேரை விரலிடுக்கில் வைத்து இழுத்தால், மேலுறை வழுக்கிக் கழன்று உள்ளே நூல் போன்ற நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். வேர் இல்லாததால்தான் செடி வாடுகிறது. அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றுவது அழுகலையே வளர்க்கும். மண்மட்டத்தில் தண்டு பழுப்பாகி இடுப்புப் போல ஒடுங்கியிருந்தால், அது பெரும்பாலும் ரைசொக்டோனியா என்ற பூஞ்சையின் வேலை. ஒடுக்கம் தண்டை முழுவதும் சுற்றிவிட்டால் அடிச்செடியைக் காப்பாற்ற இயலாது. நலமான நுனியை வெட்டிப் புதிய மண்ணில் நட்டு வேர்விடச் செய்ய வேண்டியதுதான்.

நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வந்து, அதில் சாம்பல் நிறப் பூஞ்சணமும் படிந்திருந்தால், அது பொட்ரைட்டிஸ். குளிர்ந்த ஈரக்காற்றில் வெட்டுக்காயத்தின் வழியே புகும் இதை, பச்சை தெரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி நீக்கிவிடலாம். தண்டில் சொறி போன்ற வெளிறிய புடைப்புகள் தோன்றி, அந்தக் கிளை மட்டும் மற்றவற்றைவிட நீண்டு வளர்ந்தால், அது மழைத்துளியால் பரவும் சொறிநோய். அக்கிளையை அகற்றி எரித்துவிட வேண்டும்.

மலைநாட்டுக்கே உரிய இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். சாடிக்குத் தேயிலைத் தோட்ட மண்ணை எடுப்பது நம்மிடையே வழக்கம். தேயிலை விரும்பும் அமிலத்தன்மை pH 4.5 முதல் 5.5 வரை (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு மிகும்), பொயின்செட்டியாவுக்கோ 6ஐ அண்டிய மண் வேண்டும். மிகுந்த அமில மண்ணில் கல்சியமும் மக்னீசியமும் போதாமற்போவதால் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து, தண்டு மெலிகிறது. தேயிலைக்கு இடும் டொலமைற்றையே சிறிதளவு கலந்து, தும்புத்தூளும் மணலும் சேர்த்தால் மண்ணின் புளிப்பும் குறையும், நீரும் வடியும்.

வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கினால் இலை உதிரும். நுவரெலியாவில் உறைபனி விழும் தை, மாசி இரவுகளில் சாடியை வீட்டினுள் வைத்துவிட்டு, பங்குனியில் மழையற்ற ஒரு நாளில் கவ்வாத்து வெட்டலாம். தேயிலையைப் போல எல்லாக் கிளைகளையும் ஒரே மட்டத்தில் வெட்டாமல், ஒவ்வொரு கிளையிலும் பச்சை உள்ள இரண்டு மூன்று கணுக்களை விட்டு வெட்ட வேண்டும். மலைநாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேர வேறுபாடுகூட இல்லை; ஆயினும் இரவு நீள்வதை உணர்ந்து இச்செடி புரட்டாதி, ஐப்பசியில் மொட்டுக்கு ஆயத்தமாகிவிடும் என்பதால், ஆவணிக்குப் பிறகு நுனி கிள்ளக்கூடாது. தெருவிளக்கு விழும் விறாந்தையில் இருந்தால் அம்மாதங்களில் மாலை முதல் காலை வரை அட்டைப்பெட்டியால் மூடிவைக்க வேண்டும்.

வெட்டிய பின் இலையற்ற செடிக்குத் தண்ணீர் மிகக் குறைவாகவே தேவை. மேல்மண் உலர்ந்த பின் ஊற்றினால் போதும். சில வாரங்களில் கணுக்களில் சிவந்த முளைகள் புறப்படும். முளைக்காத கிளையை மட்டும் காலையில் மீண்டும் ஒரு முறை நகத்தால் கீறிப் பார்த்து, பச்சை தென்படும் இடம் வரை வெட்டிவிடலாம்.