காரிடார்: வழித்தடம், வலசைப் பாதை, இணைப்புக்காடு

லத்தீனில் 'குர்ரேரே' என்றால் ஓடுதல். அதன் வழிவந்த இத்தாலியச் சொல் பிரெஞ்சு மூலம் ஆங்கிலத்துக்குப் போனபோது, காரிடார் என்பது கோட்டை அகழியின் ஓரமாகப் படைவீரர்களுக்கு விட்ட மறைவழி. வீட்டு நடைகூடம் என்ற பொருள் பின்னால் ஏறியது. விலங்கியல் பொருளுக்குத் தொல்லுயிரியலாளர் ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சனை நினைக்க வேண்டும். பெரும்பாலான விலங்கினங்கள் இருபுறமும் தடையில்லாமல் பரவக்கூடிய அகன்ற நிலத்தொடர்ச்சியை அவர் 1940இல் காரிடார் என்றார். சிதறிய காட்டுத்துண்டுகளை இணைக்கும் பட்டை என்னும் இன்றைய பொருள் 1970களில் வலுப்பெற்றது. சொல் சுருங்கியதுபோலவே நிலமும் சுருங்கியது.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன. 'வலசை' முதலில் மனிதருக்கான சொல்: பகைக்கும் பஞ்சத்துக்கும் அஞ்சி ஊரைவிட்டுப் பெயர்தல். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் யானைக்கும் பறவைக்கும் வலசைப் பாதை கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் மழைக்காட்டு விலங்குகளில் பல வலசை போவதில்லை. ஓராங்குட்டான் அந்தக் காட்டுப் பட்டையிலேயே தின்று, உறங்கி, குட்டி வளர்க்கும். அங்கே 'பாதை' என்றால், கடந்து போக இடம் விட்டால் போதும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

'வழித்தடம்' பேருந்துக்கும் உரிய சொல் என்பதால் அதுவும் மனத்தில் ஒரு கோட்டைத்தான் வரைகிறது. ஆனால் தடம் என்பதற்குச் சுவடு, வழி என்பவற்றோடு அகலம் என்ற பொருளும் இருக்கிறது. 'தட' என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் தரும் பொருள் பெருமை. தடக்கை, தடந்தோள் என்கிறோமே, அந்தத் தட. இந்த அகலத்தை நாம் மறந்ததன் விலை பெரிது.

போர்னியோவின் கினாபத்தாங்கான் ஆற்றங்கரையைப் பாருங்கள். மலேசியாவின் சபா மாநிலம் 2005இல் அங்கே ஏறக்குறைய 26,000 ஹெக்டேரைச் சரணாலயமாக அறிவித்தது. அது ஒரே காடு அன்று, 10 துண்டுகள். இடையில் செம்பனை, அதாவது பாமாயில் தரும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். சபாவின் 1998ஆம் ஆண்டு நீர்வளச் சட்டம், 3 மீட்டருக்குக் குறையாத அகலமுள்ள ஆறுகளின் கரையில் 20 மீட்டரை ஒதுக்கச் சொல்கிறது. செம்பனையை 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நடுவார்கள், ஹெக்டேருக்குச் சுமார் 143 மரம். அந்தக் கணக்கில் 20 மீட்டர் என்பது இரண்டு மூன்று வரிசைதான். நீரைக் காக்க வைத்த அளவு அது. அதையே விலங்குக்கும் போதும் என்று கொள்வது தவறு.

ஏன் போதாது? பிரேசிலின் மனவுஸ் அருகே 1979 முதல் நடக்கும் காட்டுத்துண்டு ஆய்வில், வெட்டிய விளிம்பிலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உள்ளே வரை மரங்கள் கூடுதலாகச் செத்தன. வெயிலும் வறண்ட காற்றும் உள்ளே புகும், பெருமரம் சாயும், அந்த வெளிச்சத்தில் கொடிகள் ஏறி மற்றதை அமுக்கும். இருபக்கமும் 100 மீட்டர் என்றால், 200 மீட்டர் அகலப் பட்டையில் உட்காடு என்று எதுவுமே மிஞ்சாது.

அகலம் இருந்தாலும் தோட்டத்தின் வடிகால் வாய்க்கால் பட்டையை அறுத்துவிடும். ஓராங்குட்டான் நீந்தாது, இருகரையிலும் கிளைகள் கைகோத்து நின்ற இடத்தில் மரத்தை வெட்டிவிட்டால் சிறு ஓடையே அதற்குச் சுவர். கினாபத்தாங்கானில் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிப் பாலம் கட்டியது இதனால்தான். யானையின் பிரச்சினை மின்வேலி. இளஞ்செம்பனையின் குருத்தை அது பிடுங்கித் தின்பதால் தோட்டத்தார் வேலி போடுகிறார்கள். புதிதாக நட்ட பாத்தியை மட்டும் சுற்றி வேலி போட்டால் யானை விலகி நடக்கும். தோட்ட எல்லை முழுக்கப் போட்டு ஆறுவரை இழுத்தால் மந்தை மாட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்தை அழிக்கும்.

காட்டுப் பட்டையை மீட்கச் சரியான நேரம் தோட்டத்தின் மறுநடவு. செம்பனை சுமார் 25 ஆண்டில் உயர்ந்து அறுவடைக்கு எட்டாமல் போகும். வெட்டி மறுபடி நடுவார்கள். வெள்ளம் தேங்கி விளைச்சல் தராத ஆற்றோரப் பாத்திகளை அப்போது விட்டுத்தரக் கேட்பது எளிது. வாய்க்காலை அடைத்து, நீர் தாங்கும் உள்ளூர் மரங்களை நட்டு, முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் புல்லையும் கொடியையும் விடாமல் அறுக்க வேண்டும். நட்டதோடு போய்விட்டால் கன்றுகளைக் கொடி மூடிவிடும்.

எனவே மழைக்காட்டுக்கு 'இணைப்புக்காடு' என்று எழுதுவதையே பரிந்துரைக்கிறோம். யானைக்கு வழித்தடமும் வலசைப் பாதையும் இருக்கட்டும். எந்தச் சொல்லை எழுதினாலும், ஆணையிலும் வரைபடத்திலும் பக்கத்திலேயே அகலத்தை மீட்டரில் எழுதுங்கள்.