பார்ட்னர்ஷிப் என்றால் பங்காளித்துவமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கிறிஸ்தவச் சபையின் கூடத்தில் போன மாதம் ஒரு கூட்டம் நடந்தது. நகராட்சி, சுற்றியுள்ள சபைகள், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று மூன்று தரப்பும் வந்திருந்தார்கள். இருட்டுச் சந்துகளுக்கு விளக்குப் போடுவது, காலிமனைகளைச் சுத்தம் செய்வது, பள்ளி விட்டபின் பிள்ளைகளைச் சபைக் கூடத்தில் உட்காரவைத்துப் படிக்கவைப்பது, இப்படியெல்லாம் செய்து திருட்டையும் போதைமருந்து விற்பனையையும் குறைப்பது என்று பேசினார்கள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். வயதானவர்களுக்காகத் தமிழில் ஒரு துண்டறிக்கையும் கொடுத்தார்கள். அதன் முதல் வரி இது: 'நகராட்சி, தேவாலயங்கள் மற்றும் அயலவர்களின் பங்காளித்துவத்தின் ஊடாகச் சமூகங்களுக்குப் புத்துயிரூட்டல்.'

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயாவுக்கு எண்பது வயதுக்கு மேல். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். 'பங்காளி' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. "ஏம்ப்பா, எந்தச் சொத்தப் பிரிக்கிறாங்க?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவருக்குத் தெரிந்த தமிழில் அந்த வரி அதைத்தான் சொல்கிறது. பங்காளித்துவம் என்ற சொல்லை இலங்கை அறிக்கைகளிலும் சிங்கப்பூர் அறிவிப்புகளிலும் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். இப்போது டர்பனுக்கும் வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிறப்பை முதலில் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் 'பார்ட்னர்' என்பது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் லத்தீனில் 'பிரித்தல்' என்று பொருள்படும் சொல். அதன் முந்தைய வடிவம் 'பார்சனர்'. ஒரே சொத்துக்குச் சேர்ந்து வாரிசானவர் என்று அர்த்தம். தமிழில் பகு என்ற வினையோடு சேர்ந்தது பங்கு. பங்கு உள்ளவன் பங்காளி. ஆக, இரண்டு சொல்லும் ஒரே வீட்டு முற்றத்தில் பிறந்தவை. பங்காளித்துவத்துக்கு வக்காலத்து வாங்குபவர்கள் இதைத்தான் பெரிய ஆதாரமாகக் காட்டுகிறார்கள். மூலம் ஒன்று, பொருளும் ஒன்று, அப்புறம் என்ன தடை என்கிறார்கள்.

மூலம் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொல் எங்கே பிறந்தது என்பதைவிட எங்கே வாழ்கிறது என்பதுதான் படிப்பவருக்கு முக்கியம். ஆங்கிலச் சொல் வாரிசுரிமையை விட்டுக் கிளம்பி, கடைக்குப் போய், நாட்டிய மேடைக்குப் போய், கடைசியில் நகராட்சிக்கும் வந்துவிட்டது. இன்று அதைக் கேட்டால் யாருக்கும் பாகப்பிரிவினை ஞாபகம் வராது. நம் பங்காளி அப்படி வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை. அப்பன் வழி, பாட்டன் வழி வந்த ஆண்மக்கள் பங்காளிகள். பெண் கொடுக்கல் வாங்கல் இல்லாத முறை அது. மாமன் மச்சான் ஒரு பக்கம் என்றால் பங்காளி இன்னொரு பக்கம். சாவு விழுந்தால் தீட்டுக் காப்பது பங்காளி வீடு. வரப்புத் தகராறு, கிணற்றுத் தண்ணீர்த் தகராறு, கோயிலில் முதல் மரியாதைத் தகராறு எல்லாமே பங்காளிச் சண்டைதான். 'பங்காளியையும் பனங்காயையும் பதம்பார்த்து வெட்டு' என்று பழமொழியே வைத்திருக்கிறோம். அரிவாளோடு சேர்ந்தே நினைவுக்கு வருகிற உறவுப்பெயரை எடுத்து, வன்முறையைக் குறைக்கும் திட்டத்துக்குத் தலைப்பாக வைத்தால் எப்படி?

தமிழ்நாட்டுப் பையன்கள் சிநேகிதனை "என்ன பங்காளி" என்று கூப்பிடுகிறார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். கூப்பிடுகிறார்கள். அது உரிமையோடு தோளில் தட்டுவது. அதே பையனிடம் 'நகராட்சி உன் பங்காளி' என்று சொல்லிப் பாருங்கள், புரியாமல் விழிப்பான். இங்கே, டர்பன் இருக்கிற நேட்டால் மாகாணத்தில், அந்தப் புது வழக்கும் கிடையாது. 1860இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையிலிருந்து வந்தவர்களும், 1911 வரை தொடர்ந்து வந்தவர்களும் கொண்டுவந்த தமிழில் உறவுப்பெயர்கள்தான் கடைசிவரை தங்கின. பேச்சு போய்விட்ட வீட்டில்கூட ஆயா, தாத்தா, பெரியம்மா, மாமா இருக்கிறார்கள். மற்றச் சொற்களெல்லாம் கரைந்துபோன இடத்தில், மிச்சமிருக்கிற உறவுச்சொல்லையும் அலுவலகச் சொல்லாக்கிக் குழப்புவது எனக்கு வலிக்கிறது. வடமொழி ஒட்டான 'துவம்' அதன் வாலில் தொங்குவது தனி வருத்தம், அதை இன்றைக்கு விட்டுவிடுகிறேன்.

சரி, கூட்டாளி? நல்ல சொல். தமிழ் வேதாகமத்தில் லூக்கா 5ஆம் அதிகாரத்தில் வலை கிழியும் அளவுக்கு மீன் அகப்பட்டபோது, மற்றப் படகிலிருந்து உதவிக்கு வருபவர்கள் 'கூட்டாளிகள்'தான். சபைக்காரர்கள் காதுக்குப் பழகிய சொல். என் முதல் ஆசையும் அதுதான். ஆனால் செய்தித்தாள்கள் அதைக் கெடுத்துவிட்டன. 'கொள்ளையனும் கூட்டாளிகளும் கைது' என்று நாள் தவறாமல் எழுதி எழுதி, இன்று அந்தச் சொல்லில் பாதி குற்றவாளியின் சாயல் ஏறிவிட்டது. 'போலீசின் கூட்டாளிகள்' என்று எழுதினால் லஞ்ச வழக்கு என்றுதான் நினைப்பார்கள்.

கூட்டாண்மை வணிகவியல் பாடப்புத்தகச் சொல். 1932ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின்படி லாபத்தைப் பகிர்ந்துகொள்ள ஒப்பிச் செய்யும் தொழில் அது. இரண்டு பேர் சேர்ந்து துணிக்கடை வைத்தால் கூட்டாண்மை, பொருத்தமான சொல்தான். தெருவிளக்கு எரிவதில் யாருக்கு எத்தனை சதவீத லாபம்?

சொல்லை விட்டுவிட்டு, அது குறிக்கிற காரியத்தைப் பார்க்கலாம். நம் நாட்டுச் சட்டத்திலேயே பார்ட்னர்ஷிப் என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் காவல் சேவைச் சட்டம், 18ஆம் பிரிவு. மக்களுக்கும் காவல் சேவைக்கும் இடையே பார்ட்னர்ஷிப்பை உண்டாக்கி நிலைநிறுத்துவதுதான் மக்களும் போலீசும் சேர்ந்து உட்காரும் காவல் மன்றங்களின் முதல் நோக்கம் என்று எழுதியிருக்கிறது. நிறவெறிக் காலத்தில் போலீஸ் என்றால் ஆட்சியின் கைத்தடி. அந்தப் பகையை மாற்றவே இந்தச் சொல் சட்டத்துக்குள் வந்தது. அதே பிரிவில் இன்னொரு நோக்கமும் இருக்கிறது: காவல் சேவை மக்களுக்குப் பதில் சொல்லவேண்டும். பார்ட்னர்ஷிப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. யார் யாருக்குப் பதில் சொல்வது?

சாட்ஸ்வொர்த் கூட்டத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தை உதாரணம் காட்டினார்கள். நல்ல உதாரணம். 1992இல் அங்கே மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் சபையில் ஒரு சவ அடக்க ஆராதனைக்குள்ளேயே கும்பல் சண்டை புகுந்தது. அதற்குப்பின் கறுப்பினப் போதகர்கள் டென்பாயிண்ட் கூட்டணி என்று ஒன்றை அமைத்து, ராத்திரியில் தெருத்தெருவாக நடந்தார்கள். போலீசோடு உட்கார்ந்து பேசினார்கள், போலீசைக் கண்டிக்கவும் செய்தார்கள். 1990இல் 152ஆக இருந்த கொலைகள் 1999இல் 31ஆகக் குறைந்தன. அதற்குக் காரணங்கள் பல, போதகர்கள் மட்டும் இல்லை. அதே நகரத்தில் டட்லி தெருக்காரர்கள் 1984இல் அமைப்பு தொடங்கினார்கள். குப்பைமேடாகக் கிடந்த காலிமனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகராட்சி 1988இல் அவர்களுக்குக் கொடுத்தது. 'அதிகாரத்தில் பங்கு கொடுத்தார்கள்' என்று இதைத் தாராளமாக எழுதலாம். பங்கு என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை, பங்காளியோடுதான்.

இந்த உதாரணங்களில் எல்லாரும் ஏதோ ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள், அதற்குப் பதிலும் சொன்னார்கள். நம் பழைய ஊர்க்காவலிலும் அது இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று ஒரு வரி வரும், ஊரைக் காப்பதற்காக ஊர் கொடுத்தது. தென்மாவட்டங்களில் பிற்காலம்வரை இருந்த வழக்கப்படி, களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தரவேண்டும், இல்லையென்றால் நஷ்டத்தைக் கட்டவேண்டும். பிற்பாடு அந்த முறை மிரட்டலாகவும் சீரழிந்தது, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் காவல் என்ற சொல்லுக்குள் பொறுப்பு இருந்தது.

பொறுப்பு இல்லாத காவல் என்ன செய்யும் என்பதை 2021 ஜூலையில் பார்த்தோம். கடைகள் சூறையாடப்பட்டபோது, டர்பன் பக்கத்தில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் குடியிருப்பாளர்கள் தாங்களே சாலையை மறித்து நின்றார்கள். பயத்தில் நின்றவர்கள் பலர். ஆனால் அந்த நாட்களில் அந்த வட்டாரத்தில் 30 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலோர் கறுப்பின அண்டைவாசிகள். அவர்களும் அக்கம்பக்கத்தார்தான். யார் யாருக்குப் பதில் சொல்வது என்ற கேள்விக்கு அங்கே இடமே இருக்கவில்லை.

அதனால் என் சொல் கூட்டுப்பொறுப்பு. அமைச்சரவைக்குச் சொல்கிற அதே சொல்தான், புதிதாக எதையும் நான் ஆக்கவில்லை. லாபம் என்ற வாசனை இல்லை, பாகப்பிரிவினை இல்லை, கைது இல்லை. 'நகராட்சி, சபைகள், அக்கம்பக்கத்தார் கூட்டுப்பொறுப்பு' என்றால் மூவரும் சுமக்கிறார்கள் என்று ஆயாவுக்கும் புரியும். பெயர்ச்சொல்லே வேண்டாத இடத்தில் 'சேர்ந்து' என்று போட்டாலே போதும். தமிழ் வினைமொழி. 'பங்காளித்துவத்தின் ஊடாக' என்று நாலு மாத்திரை கூட்டி எழுதுவதைவிட 'சேர்ந்து செய்வோம்' என்பது தமிழ்.

அந்த ஒரு வரியில் மற்றச் சொற்களையும் விட மனமில்லை. 'தேவாலயங்கள்' என்றால் கட்டடம். சுவரோடு யாரும் சேர்ந்து வேலை செய்யமுடியாது. 'சபைகள்' என்றால் ஆட்கள். 'சமூகங்களுக்கு' என்று பன்மையில் போட்டால் தமிழ் படிக்கிறவர் மனசில் சாதிதான் வரும். எங்கள் சமூகம், உங்கள் சமூகம் என்று திருமண விளம்பரத்தில் எதற்குப் போடுகிறார்கள்? இங்கே சொல்லவந்தது யூனிட்டும் (சாட்ஸ்வொர்த்தின் குடியிருப்புப் பிரிவு) தெருவும். ஊர் என்று எழுதலாமே. 'புத்துயிரூட்டல்' இன்னும் மோசம். செத்துப்போனவர்களுக்குத்தான் உயிர் ஊட்டவேண்டும். இனவாரியாக ஆட்களைப் பிரித்துக் குடியமர்த்திய நிறவெறிக் காலத்து இனப்பிரிவுப் பகுதிச் சட்டத்தால் வீட்டை இழந்து இங்கே குடியேற்றப்பட்டு, மண்ணைக் கொத்தித் தோட்டம் போட்டு, தங்கள் காசில் கோயிலும் சபையும் பள்ளியும் எழுப்பியவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள். எரியாமல் கிடப்பது விளக்கு, அதை எரியவைப்பதுதான் வேலை.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு உள்ள பெரிய குறை இதுதான்: ஆங்கில வரியில் ஆறு சொல் இருந்தால் தமிழிலும் ஆறு சொல்லைத் தேடுகிறார்கள். அகராதியில் ஒவ்வொன்றும் சரியாக இருக்கும், வரி மட்டும் யாருக்கும் எட்டாது. நம் அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவு மதிப்பும் ஊக்கமும் பெறவேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பேரைச் சொல்கிறது. ஆட்சிமொழி அல்ல என்பதால் துண்டறிக்கையைத் தமிழில் எழுதும் வேலை நம்மிடம்தான் வருகிறது. எழுதிவிட்டு அச்சுக்குக் கொடுக்குமுன் தெருவில் ஒரு பெரியவரிடம் சத்தமாகப் படித்துக் காட்ட எவ்வளவு நேரமாகும்?

கூட்டம் முடிந்ததும் திருத்தித் தரச்சொன்னார்கள், உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: 'நகராட்சியும் சபைகளும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து நம் தெருக்களைக் காப்போம். இது நம் எல்லாருடைய கூட்டுப்பொறுப்பு.' ஆயாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்து, "வெளக்கு எரியலன்னா யாரக் கூப்பிடணும்? அதப் போடலியே" என்றார். அந்த வரியைச் சேர்த்து, தொலைபேசி எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன்.