லாரியின் காற்றுப்பையைக் காப்பது எது?

முழுச் சரக்குடன் நிதானமாகப் போகும் லாரி, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒவ்வொரு குழியிலும் தூக்கித் தூக்கிப் போடுவதை ஓட்டுநர்கள் நன்கு அறிவார்கள். எஃகுப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கின் விறைப்பு ஏறத்தாழ மாறாதது என்பதால், மேலிருக்கும் எடை குறையக் குறைய வண்டி வேகவேகமாகத் துள்ளுகிறது. அதற்குப் பதில் காற்று நிரம்பிய ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனில் இந்தக் குறை பெருமளவு நீங்குகிறது. சுமை ஏறி, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் தாழ்ந்ததும், அச்சோடு ஒரு சிறு கம்பியால் இணைக்கப்பட்ட லெவலிங் வால்வு திறந்து, பழைய உயரம் திரும்பும்வரை ரப்பர் பைக்குள் காற்றை விடுகிறது. உள்ளே அழுத்தம் கூடும்போது பையின் விறைப்பும் சேர்ந்தே கூடுவதால், காலி வண்டியும் பார வண்டியும் ஏறக்குறைய ஒரே தாளத்தில் அசைகின்றன.

ஆனால் காற்று சுமையைத் தாங்குமே தவிர, ஆட்டத்தை அடக்காது. லீஃப் ஸ்பிரிங்கில் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து ஆட்டத்தின் ஒரு பகுதியை விழுங்கிவிடும்; காற்றுப்பையில் அந்த உராய்வு மிகக் குறைவு என்பதால், பொறுப்பு முழுவதும் ஷாக் அப்சார்பரின் மேல் விழுகிறது. ஒரு சஸ்பென்ஷனை ஏர் சஸ்பென்ஷனுக்கு இணையானதாக ஏற்க ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996ஆம் ஆண்டு உத்தரவு விதிக்கும் நிபந்தனைகள் இதையே காட்டுகின்றன: அதிர்வெண் 2 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு இரண்டு ஆட்டங்களைத் தாண்டக் கூடாது, ஆட்டத்தை அடக்கும் தணிப்பு, மாறுநிலைத் தணிப்பின் (வண்டி மேலும் கீழும் ஆடாமல் நேரே நிலைக்குத் திரும்பப் போதுமான தணிப்பின்) 20 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் அந்தத் தணிப்பில் பாதிக்கு மேல் எஞ்சக் கூடாது. பல வடிவமைப்புகளில் அச்சு அளவுக்கு மீறிக் கீழே இறங்காமல் பிடித்து நிறுத்துவதும் ஷாக் அப்சார்பரே. ஆகவே பை கிழிந்த வண்டியில் பையை மட்டும் மாற்றி அனுப்புவது, என் கருத்தில், பாதி வேலைதான். எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர், மூட்டுகளில் தளர்ந்த புஷ், வளைந்த லெவலிங் கம்பி ஆகியவற்றைப் பார்க்காமல் விட்டால் புதுப் பையும் விரைவில் பழுதாகும்.

அடுத்த பகை ஈரம். கம்ப்ரஸர் உறிஞ்சும் காற்றோடு வரும் நீராவியைப் பிடிப்பது ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜ். அது தீர்ந்துவிட்டால் நீர் வால்வுகளுக்குள் சென்று அரிக்கும், குளிர் நாடுகளில் உறைந்து அடைத்துக்கொள்ளும். காற்றுத் தொட்டியின் வடிகாலைத் திறக்கும்போது தண்ணீர் வந்தால் கார்ட்ரிட்ஜைச் சந்தேகிக்க வேண்டும். கசிவைக் கண்டுபிடிக்கச் சோப்பு நீரே போதும். பையின் மடிப்பில் உள்ளிழைகள் தெரிந்தால் மட்டும் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். காற்று இறங்கினால் சேசிஸ் சட்டெனத் தாழும் என்பதால், தாங்கி கொடுக்காமல் எவரும் அடியில் நுழையவே கூடாது.

மேம்படுத்த விரும்புவோர் பலர் லெவலிங் கம்பியைத் திருகி வண்டியை உயர்த்துகிறார்கள். இது தவறு, உயரம் மாறினால் எஞ்சினின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறி, அதன் மூட்டுகள் அதிர்ந்து தேயும். மென்மை வேண்டுமெனில் வழி வேறு: பையோடு அகலமான குழாயால் ஒரு துணைக் கலத்தை இணைத்தால், அதே அசைவுக்குக் காற்று குறைவாகவே அழுந்துவதால் விறைப்பு தணியும். ஆனால் வளைவுகளில் வண்டி கூடுதலாகச் சாயும் என்பதால், சாய்வைத் தடுக்கும் தண்டும் அதற்கு ஏற்ற வலுவுடன் இருக்க வேண்டும்.